உள்ளே நின்று கட்டிய காப்பு

மாரியாயி அத்தையைப் பற்றி எங்கள் குடும்பக் குறிப்பில் மூன்றே வரிகள் இருந்தன. 1909இல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தார். 1928இல் சின்னையாவை மணந்தார். 1944 மே மாதம் எட்டு நாள் தம் வீட்டுப் படியேறவில்லை.

முதல் இரண்டு வரிகளுக்கு விளக்கம் தேவையில்லை. மூன்றாவதை எழுதி வைத்த என் தந்தை, அத்தையின் தம்பி, காரணத்தை எழுதாமலே காலமானார். ஆகவே அந்த எட்டு நாளை நேரில் பார்த்த இருவரைத் தேடிச் சென்றேன். ஒருவர் பூச்சோங்கில் வசிக்கும் ரெங்கசாமி; அப்போது பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றின் கூலிகளுக்கு மண்டோராக இருந்து வேலை வாங்கியவர். மற்றவர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கார்த்திகேசு. அப்போது ஜப்பானியரின் கிள்ளான் அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர்; யாழ்ப்பாணத்துக்காரர், ஜப்பானிய மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவர். இருவர் கூற்றும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒவ்வாத இடங்களை ஒவ்வாதவை என்றே எழுதுகிறேன்.

பந்திங்கிலிருந்து மேற்கே, கடலுக்குள் நாக்கு நீட்டியதுபோல் கிடந்த நிலத்துண்டுக்குத் தஞ்சோங் பாங்காவ் என்று பெயர். பாங்காவ் என்றால் மலாயில் கொக்கு. கரையை ஒட்டிய அடிப்பகுதி மணல். அதில் சவுக்கு மரங்கள், ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, காவல்காரரின் பலகை வீடு. அதற்கப்பால் கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் அளவே தண்ணீர் நிற்கும் ஓர் ஓடை. ஓடைக்கு அக்கரையில் சற்று மேடான நிலம், பக்காவ் எனப்படும் முதிர்ந்த சதுப்புநில மரங்கள். மாசி மாதம் தொடங்கிப் புரட்டாசி வரை சாம்பல் நாரையும் வக்காவும் வெள்ளைக் கொக்கும் அந்த மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. சின்னையா மாமா அங்கே காட்டு இலாகாவின் ஜாகா, அதாவது காவல்காரர். மரத்தின் மேல் ஒரு பரண் அமைத்து ஆண்டுதோறும் கூடுகளை எண்ணி வந்தார்.

அந்த இடத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. சவுக்குத் தோப்பில் யாரும் கூடாரம் போடலாம். ஓடையைத் தாண்டக் கூடாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கிராணிகள் ஆண்டு விடுமுறைக்கு ஆர்மோனியம், அரிசி மூட்டை சகிதம் வந்து நான்கு நாள் தங்குவது வழக்கம். அத்தை அவர்களுக்கு மேடான இடம் காட்டுவார், நண்டு விற்கும் மலாய்க்காரரை அழைத்துவிடுவார், கிளம்பும்போது சாம்பலை மணல் போட்டு மூடச் சொல்வார். மனிதர் வருவதை அவர் ஒருபோதும் வெறுத்ததில்லை. வெறுத்தது ஓடையைத் தாண்டும் காலை மட்டும்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. 1936இல் ஒரு துரையின் விருந்தாளிகள் அனுமதிச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டி, அக்கரை மேட்டில் தங்க இடம் கேட்டார்கள். சீட்டில் கையெழுத்து இருந்ததால் சின்னையா மாமா விட்டுவிட்டார். அவர்கள் எதையும் சுடவில்லை, மரம் வெட்டவில்லை. இரண்டு நாள் தீ வளர்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். புகைக்கு அஞ்சித் தாய்ப்பறவைகள் எழுந்தன, இறங்கவில்லை. மூன்றாம் நாள் மரத்தடிச் சேற்றில் குஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. மாமாவும் அத்தையும் கூடை கூடையாக அள்ளிக் கடலில் போட்டார்கள். அடுத்து மூன்று ஆண்டுகள் அந்த மரங்களில் ஒரு கூடுகூட இல்லை. நான்காம் ஆண்டு பதினோரு கூடுகள் வந்தன. அன்று மாமா பரணிலிருந்து இறங்கி வந்து அழுதார் என்று என் தந்தை சொல்லியிருக்கிறார்.

1942 ஜனவரி மாதம் ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் வந்தார்கள். காட்டு இலாகாவின் துரை அதற்கு முன்பே போய்விட்டார். ஓடைக்கரையில் ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழிலும் எழுதி நட்டிருந்த பலகையைச் சிப்பாய்கள் பிடுங்கி அடுப்பெரித்தார்கள். மாமா வேலையை விடவில்லை. 1943 ஆவணியில் அவரைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். லோரியில் ஏறியபின் அவர் சொன்னது இரண்டே வார்த்தை.

"ஓடைய விட்றாத."

"நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தை.

அதன்பின் காவல்காரர் வேலையை அவரே செய்தார். செய்யச் சொன்னவரும் இல்லை, வேண்டாம் என்றவரும் இல்லை.

1944 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ரெங்கசாமி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏ அக்கா, வியாழக்கிழமை உன் எடத்துக்கு விருந்தாளிங்க வர்றாங்களாம். கிள்ளான்லேருந்து இருவது ஜப்பான்காரனுங்க. எட்டு நாளு லீவாம். கடல்ல குளிப்பானுங்களாம், கூடாரம் போட்டுக் கெடப்பானுங்களாம். கம்பு வெட்ட, சாமான் தூக்க எங்க ஆளுங்க பன்னெண்டு பேரு."

"வரட்டும். தோப்புல எடமா இல்ல?"

"தோப்புல கொசு கடிக்குமாம். அக்கரை மேட்டுல காத்து வருதாம். போன வாரம் ஒருத்தன் வந்து பாத்துட்டுப் போயிருக்கான். கறியும் அங்கயே இருக்கு, மரத்துல தொங்குதுன்னு சொல்லிச் சிரிச்சானாம்."

அத்தை திரும்பி அக்கரை மரங்களைப் பார்த்தார். பிறகு, "ரெங்கசாமி, உங்க தோட்டத்துக் கோயில்ல திருவிழாவுக்குக் காப்புக் கட்டுனா நீ என்ன செய்வ?" என்று கேட்டார்.

"என்ன செய்வேன்? கட்டுன எல்லைக்குள்ள இருக்கறவன் வெளிய போய் ராத்தங்கக் கூடாது. வெளியூரான் உள்ள வந்து ராத்தங்கக் கூடாது. உள்ள ஒரு பச்ச மரம் வெட்டக் கூடாது. இதெல்லாம் எதுக்கு இப்ப கேக்கற?"

"சும்மாதான். வீட்டுக்குப் போ."

துணி கிடைக்காத காலம் அது. மாமாவின் வேட்டிகள் இரண்டு வீட்டில் இருந்தன. ஒன்று அன்றாடம் கட்டியது. மற்றது கல்யாணத்துக்கு எடுத்தது. அன்றாட வேட்டியை நீளவாக்கில் கிழித்து, முறுக்கி, முடிச்சிட்டு, கொல்லையில் விளைந்த மஞ்சளை அரைத்து அதில் ஊற வைத்தார். புதன்கிழமை மூன்று மைல் நடந்து போய்த் தோட்டத்துக் கோயில் வேம்பில் நான்கு கொப்பு ஒடித்துக்கொண்டு வந்தார். வியாழன் காலை ஓடையைக் கடந்து, அக்கரையில் நின்று, ஓடையோரம் நெடுக, நிலத்தின் ஒரு கடலோர மரத்திலிருந்து மறு கடலோர மரம்வரை கயிற்றைக் கட்டி வேப்பிலை செருகி முடிக்கும்போது லோரிச் சத்தம் கேட்டது.

கூலிகள் தலையில் கூடாரத் துணியோடு ஓடைக்குள் இறங்கினார்கள். பாதி ஓடையில் முன்னால் வந்தவர் நின்றார். பின்னால் வந்தவர் அவர் முதுகில் மோதினார்.

"என்னடா நின்னுட்ட?"

"காப்புக் கட்டியிருக்குடா."

"எங்க?"

"கண்ணு தெரியல? அங்க பாரு, மஞ்சக் கயிறு."

பன்னிரண்டு பேரும் தண்ணீரில் நின்றார்கள். ரெங்கசாமி முன்னே வந்தார்.

"அக்கா, எந்த அம்மனுக்குக் காப்பு?"

"பேரு வைக்கல. நான் கட்டினேன், அவ வந்து உக்காந்துக்கிட்டா."

"யாரு திருவிழா இங்க? கொக்குக்கா?"

கூலிகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "எட்டு நாள் காப்பு. மனுசனுக்கு மட்டுந்தான் கட்டணும்னு எவன் சொன்னான்? பிள்ள பெத்து வச்சிருக்கு, நூத்து எழுவது கூடு. தாண்டணும்னா தாண்டிக்க. உனக்கும் வீட்டுல பிள்ள இருக்கு."

சிரிப்பு நின்றது. ஆனால் ரெங்கசாமிக்கு வேறொன்று உறைத்தது. அவர் கயிற்றைப் பார்த்தார், அத்தை நின்ற இடத்தைப் பார்த்தார், பிறகு திரும்பிப் பலகை வீட்டைப் பார்த்தார்.

"ஐயோ அக்கா, என்ன காரியம் பண்ணிட்ட! உள்ள நின்னு கட்டிட்டியே! உன் வீடு வெளியயில்ல இருக்கு?"

அத்தை தம் கால்களைப் பார்த்தார். ஓடைப்பக்கம் கண் வைத்துக்கொண்டே, அவசரத்தில், அக்கரை மண்ணில் நின்றபடி முடிச்சுப் போட்டிருந்தார். பானை, பாய், தீப்பெட்டி, இருந்த இரண்டு சுண்டு அரிசி எல்லாம் இக்கரையில். காப்பு முடியும்வரை கட்டியவர் வெளியே கால் வைக்கக் கூடாது; கட்டிய காப்பை இடையில் அவிழ்க்கவும் கூடாது. இது அங்கிருந்த பன்னிரண்டு பேருக்கும் தெரியும். அவர் அவிழ்த்து வெளியே வந்து மறுபடி கட்டியிருந்தால், அதன்பின் அது வெறும் கயிறுதான். கூலிகள் தாண்டியிருப்பார்கள். ரெங்கசாமியே என்னிடம் அப்படித்தான் சொன்னார்: "நானே மொதல்ல தாண்டியிருப்பேன் தம்பி. அடிக்கு யாரு பயப்படல?"

"கட்டுனது கட்டுனதுதான்" என்றார் அத்தை. "நான் உள்ளயே இருக்கேன்."

அதற்குள் கண்ணாடி அணிந்த அதிகாரி ஒருவர் கரைக்கு வந்து கத்தினார். ரெங்கசாமி கன்னத்தில் அறை விழுந்தது. அவர் ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டார். ஆனால் முன்னே போகவில்லை. மற்றவர்களும் போகவில்லை. அதிகாரி தாமே கார்த்திகேசுவை இழுத்துக்கொண்டு ஓடையில் இறங்கிக் கயிற்றண்டை வந்தார். வேப்பிலையைத் தொடப்போன கை பாதியில் நின்றது. கயிறு இரண்டு மரங்களையும் சுற்றியிருந்த விதத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"இது சாமிக்கயிறோ எண்டு கேக்கிறார்" என்றார் கார்த்திகேசு. "தங்கட ஊரிலையும் மரத்தைச் சுத்திக் கயிறு கட்டுறவையாம். உள்ள ஆரும் போகாயினமாம்."

"ஆமான்னு சொல்லுங்க கிராணி ஐயா. எட்டு நாளைக்கு வெளியாளு உள்ள தங்கக் கூடாது. தோப்புல தங்கச் சொல்லுங்க. தென்னண்டை மூலையில கொசு இருக்காது, கெணத்துத் தண்ணி நல்ல தண்ணி. கடல்ல குளிக்கட்டும், மீன் புடிக்கட்டும். இங்கிட்டு வேணாம்."

"உமக்கென்ன விசரா, மாரியாயி? உந்தக் கதையை நான் எப்பிடிச் சொல்லுறது? பிறகு என்ர கன்னந்தானே பதில் சொல்ல வேணும்!"

"ரெங்கசாமி கன்னம் சொல்லிருச்சு. உங்க கன்னமும் சொல்லட்டும்."

கார்த்திகேசு சொன்னார். அறை விழவில்லை. அதிகாரி அத்தையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டைச் சுட்டிக்காட்டி ஒரு கேள்வி கேட்டார். ரெங்கசாமி வீட்டைப் பார்த்து ஐயோ என்றதை அவர் கவனித்திருக்கிறார். விவரம் தெரிந்ததும் சிரித்தார். தீர்ப்பும் சொன்னார்: இந்தப் பெண் தன் சாமிக்குச் சொன்னபடி எட்டு நாளும் உள்ளே இருந்தால், இது சாமிக்கயிறு, தம் ஆட்கள் யாரும் தாண்டமாட்டார்கள். தின்னவோ தூங்கவோ ஒருமுறை வெளியே கால் வைத்தாலும், இது கந்தல் துணி. அன்றைக்கே கூடாரங்கள் அக்கரைக்குப் போகும். இரவு உணவும் மரத்திலிருந்து இறங்கும்.

"ரெண்டு நாளைக்கு மேல நிக்கமாட்டீர் எண்டு பந்தயம் கட்டுறார்" என்றார் கார்த்திகேசு.

"அவரு தோத்தா என்ன தருவாராம்?"

"அதை நான் கேக்கேலாது!"

அக்கரையில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. மாமாவின் பரண் ஒன்றுதான் நிழல். அத்தையின் வீட்டிலிருந்து எதையும் எடுத்துத் தர அதிகாரி விடவில்லை; கயிற்றுக்கு வெளியிலிருந்து கூலிகள் தங்கள் உணவைக் கொடுப்பதைத் தடுக்கவில்லை; காப்பும் தடுக்கவில்லை. கூலிகள் நாளுக்கு ஒருமுறை ஓடையில் இறங்கி, கயிற்றுக்கு அப்பால் கை நீட்டி, ஒரு சிரட்டைத் தண்ணீரும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வைத்தார்கள். அவர்களுக்கே கிழங்கு போதாத காலம். மூன்றாம் நாள் இரண்டு துண்டாக வந்தது ஒரு துண்டாயிற்று. அத்தை சேற்றில் சிப்பி பொறுக்கிப் பச்சையாகத் தின்றார். தலைக்கு மேல் கை எட்டும் உயரத்தில் முட்டைகள் இருந்தன. நான்காம் நாள் ரெங்கசாமி அதைச் சொல்லவும் செய்தார்.

"அக்கா, நூத்து எழுவது கூட்டுல ரெண்டு முட்ட போனா எந்தக் கொக்கு வந்து கேக்கப்போவுது? எடுத்துக் குடிச்சிட்டுத் தெம்பா நில்லு."

"நான் தின்னா அவன் திங்கறதுக்கும் எனக்கும் என்னடா வித்தியாசம்? கெழங்க வச்சுட்டுப் போ. புத்தி வேணாம்."

ஐந்தாம் நாள் சிப்பாய் ஒருவன் ஓடையின் இக்கரையில் நின்றபடியே துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டான். கயிற்றை அவன் தாண்டவில்லை, விளையாட்டுத்தான். மரங்களிலிருந்த பறவைகள் அத்தனையும் ஒரே வெள்ளை விரிப்பாக எழுந்தன. அத்தை பரணிலிருந்து இறங்கிக் கயிற்றுவரை ஓடிவந்தார். ஐந்து நாளாகச் சிப்பாய்கள் கூலிகளைத் திட்டக் கேட்டுக் கற்ற ஒரே ஜப்பானியச் சொல்லை, வயிற்றிலிருந்து எடுத்து, அவன் முகத்தைப் பார்த்துக் கத்தினார்.

"பக்கேரோ!"

அந்தச் சொல்லுக்கு முட்டாள் என்று பொருள். ஒரு தமிழச்சி அதை ஜப்பானியச் சிப்பாயிடம் சொன்னால் தலை போகும். கடற்கரை முழுவதும் அசையாமல் நின்றதாக இருவரும் சொல்கிறார்கள். அடுத்து நடந்ததில்தான் வேறுபாடு. அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார் என்பது ரெங்கசாமியின் கூற்று. சிரிக்கவில்லை, சிப்பாயை அழைத்து இரண்டு கன்னத்திலும் அறைந்தார் என்பது கார்த்திகேசுவின் கூற்று. எது உண்மை என்று என்னால் உறுதி செய்ய இயலவில்லை. பறவைகள் ஒரு மணி நேரத்தில் திரும்பி இறங்கின என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரமும் அத்தை கயிற்றைப் பிடித்தபடி வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

ஆறாம் நாள் மழை பெய்தது. தாகம் தீர்ந்தது, காய்ச்சல் வந்தது. ஏழாம் நாள் அவர் இறங்கி வரவில்லை. ரெங்கசாமி கயிற்றருகே நின்று கூப்பிட்டார்.

"அக்கா! உசுரோட இருக்கியா?"

"இருக்கேன், கத்தாத. குஞ்சு தூங்குது."

எட்டாம் நாள் காலை கூடாரங்களைச் சுருட்டினார்கள். அதிகாரி ஓடைவரை வந்து, வெளியே வரலாம் என்று கையசைத்தார். அத்தை தலையசைத்து மறுத்தார். காப்புக் கட்டிய நேரத்தில்தான் அவிழ்க்க வேண்டும்; அதற்கு இன்னும் ஒரு நாழிகை இருந்தது.

"மொதல்ல அவங்கள லோரி ஏறச் சொல்லுங்க கிராணி ஐயா. அடுப்புச் சாம்பல மூடல, மூடிட்டுப் போகச் சொல்லுங்க."

கார்த்திகேசு முன்பாதியை மட்டும் மொழிபெயர்த்தார். சாம்பலைக் கூலிகளிடம் சொல்லி அவரே மூட வைத்தார். லோரி கண்ணுக்கு மறைந்தபின் அத்தை முடிச்சை அவிழ்த்து, ஓடையைக் கடந்து, வீட்டுப் படியில் ஏறி, வாசலிலேயே விழுந்தார். தேறி எழப் பத்து நாளாயிற்று. அந்த ஆண்டு நூற்று எழுபது கூடுகளில் நூற்று அறுபத்தாறில் குஞ்சு பறந்தது என்று பரண் கம்பத்தில் கத்தியால் கோடு கோடாகக் கீறி வைத்தார். அவருக்கு எழுதத் தெரியாது.

குடும்பக் குறிப்பின் மூன்றாம் வரிக்கு விளக்கம் இத்துடன் முடிந்தது. ஆனால் கார்த்திகேசு இன்னொன்றும் சொன்னார். அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை அந்தக் கரையோரமாகவே வந்து இறங்கியது. அம்மாதக் கடைசியில் ஓர் இளம் துரை, சிப்பாய்களுக்கு ஓய்வு முகாம் அமைக்க இடம் தேடித் தஞ்சோங் பாங்காவுக்கு வந்தார். உடன் வந்து மொழி சொன்னவர் கார்த்திகேசுவேதான்.

"என்ன கிராணி ஐயா, போன வருசம் அவங்களுக்குப் பேசினீங்க, இந்த வருசம் இவங்களுக்கா?"

"வயிறு அதே வயிறுதானே பிள்ளை."

மரங்களில் அவ்வாண்டின் கடைசிக் குஞ்சுகள் இன்னும் இருந்தன. துரை அக்கரை மேட்டைக் காட்டினார். அங்கே தங்கக் கூடாது என்பது தமக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை எழுதியதே தங்கள் ஆட்கள்தான். போரில் வென்று வந்தவர்களுக்கு ஒருமுறை அதைத் தளர்த்தத் தங்களுக்கு உரிமையும் உண்டு என்றார். சட்டைப்பையிலிருந்து கையெழுத்திட்ட சீட்டு ஒன்றையும் எடுத்து நீட்டினார்.

அத்தை சீட்டை வாங்கவில்லை.

"இவங்க எழுதுன பலகைய ஜப்பான்காரன் அடுப்புல வச்சிட்டான். அப்ப தடுக்க இவங்க இல்ல. அதுக்கப்பறம் இங்க இருக்கறது என் சட்டம். தோப்புல எத்தன பேரு வேணும்னாலும் தங்கலாம், கெணறு எங்கன்னு நானே காட்டறேன். ஓடையத் தாண்டணும்னா என் வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும். அவருகிட்ட ஒரு தடவ சீட்டக் காட்டி ஏமாத்தினீங்க. எங்கிட்ட நடக்காது."

"உந்தக் கதையை அப்பிடியே சொல்லவோ?"

"ஒரு வார்த்த குறையாம சொல்லுங்க."

துரை பதில் சொல்வதற்குள் அத்தை வீட்டுக்குள் போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் மாமாவின் கல்யாண வேட்டி இருந்தது. சயாமிலிருந்து மீண்டவர்கள் ஒவ்வொருவராகத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. மாமா வரும்போது கட்டிக்கொள்ள வேண்டுமென்று பெட்டியில் மடித்து வைத்திருந்த வேட்டி.

"பிள்ளை, வேற துணி இல்லையோ?" என்று கார்த்திகேசு கேட்டாராம்.

"இருந்தா இத எடுப்பேனா? அவரு வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்."

எல்லோரும் பார்த்திருக்க அதை நீளவாக்கில் கிழித்தார். மாமா வரவில்லை. அவர் இறந்த நாளும் இடமும் இன்றுவரை எங்கள் குறிப்பில் இல்லை, தேடியும் கிடைக்கவில்லை.

அன்று அத்தை கயிற்றை உடனே கட்டிவிடவில்லை. முதலில் பானையை எடுத்துக்கொண்டு ஓடையைக் கடந்தார். திரும்பி வந்து பாயை எடுத்துப் போனார். பிறகு அரிசி, உப்பு, தீப்பெட்டி, தண்ணீர் நிரப்பிய இரண்டு தகரம். ஐந்து முறை போய் வந்தார் என்கிறார் கார்த்திகேசு. துரையும் சிப்பாய்களும் என்ன நடக்கிறதென்று தெரியாமல் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக மஞ்சள் கயிற்றோடு அக்கரையில் ஏறினார். அவர்களைப் பார்த்தபடி, உள்ளே நின்று முதல் முடிச்சைப் போட்டார்.

கூடாரங்கள் சவுக்குத் தோப்பில் எழுந்தன.